நட்டும் போல்ட்டும் நடுக்கடலும்

பாய்மரப் படகின் உயிர் அதன் அடியில் இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்க்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

கரீபியக் கடலின் அன்டிகுவா தீவில் பந்தயம் முடிந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது சீக்கி ரஃபிகி. 40 அடி நீளப் பாய்மரப் படகு. உள்ளே நான்கு பேர். கேப்டனுக்கு வயது 22. கிளம்பிய நாள் 2014 மே 4. பத்து நாட்கள் கழித்து, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து 700 கடல் மைல்களுக்கு அப்பால், அட்லாண்டிக்கின் நடுவே, படகுக்குள் தண்ணீர் வர ஆரம்பித்தது. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. கடல் கொஞ்சம் அடங்கியதும் குதித்து அடியில் பார்ப்பதாக உத்தேசம்.

கடல் அடங்கவில்லை. மே 16 அதிகாலை அவர்கள் கையிலிருந்த அவசரக் கருவிகள் செயற்கைக்கோளுக்கு சமிக்ஞை அனுப்பின. பிறகு மௌனம். மறுநாள் அந்த வழியாகப் போன சரக்குக் கப்பல் ஒன்று, கவிழ்ந்து கிடந்த படகின் அடிப்பாகத்தைப் பார்த்துப் படம் பிடித்தது. அருகே ஆள் நடமாட்டம் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை மே 18 அன்று தேடுதலை நிறுத்தியது. பிரிட்டனில் கொந்தளிப்பு. லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டு மனுப் போட்டார்கள். 20ஆம் தேதி தேடுதல் மறுபடி தொடங்கியது. 23ஆம் தேதி அமெரிக்கக் கடற்படையின் நீச்சல் வீரர் ஒருவர் அந்த மிதக்கும் ஓட்டை நெருங்கிப் பார்த்தார். உயிர்காக்கும் மிதவை வைத்த இடத்திலேயே இருந்தது. அதை வெளியே எடுக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். படகின் அடியில் இருக்கவேண்டிய ஒன்று மட்டும் இல்லை. கீல்.

கீல் என்பது பாய்மரப் படகின் வயிற்றிலிருந்து கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த துடுப்பு. மரக்கலங்களில் அது அடிமரம். நம் கடற்கரை ஓடாவிகள் ஏரா என்பார்கள். அதன்மேல்தான் கலம் முழுவதும் எழும்பும். அந்தக் காலத்தில் ஏரா இல்லாமல் படகே கிடையாது. இன்றைய ஃபைபர்கிளாஸ் படகில் கதை வேறு. உடலைத் தனியாக அச்சில் வார்க்கிறார்கள். இரும்பிலோ ஈயத்திலோ கீலைத் தனியாக வார்க்கிறார்கள். பிறகு இரண்டையும் சேர்த்து போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். அதாவது, எது அடித்தளமாக இருந்ததோ அது இப்போது ஓர் உதிரிபாகம்.

உதிரிபாகம்தான், ஆனால் சாதாரண உதிரிபாகம் அல்ல. கடலோடும் படகின் மொத்த எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை கீலிலேயே இருப்பது வழக்கம். காற்று பக்கவாட்டில் பாயை அழுத்தும்போது படகு நண்டுபோல் பக்கவாட்டில் நகராமல் முன்னோக்கிப் போவது கீலின் தயவு. படகு சாய்ந்தால் மறுபடி நிமிர்வதும் அதனால்தான். நம் வீட்டுக் கொலுவில் எத்தனை தட்டினாலும் எழுந்து நிற்கும் தஞ்சாவூர்ப் பொம்மையின் அடிப்பாகத்துக் களிமண்ணை நினைத்துக்கொண்டால் போதும். களிமண்ணை எடுத்துவிட்டால் பொம்மை படுத்துவிடும். படகோ, படுப்பதோடு நிற்காமல் தலைகீழாகிவிடும். கீல் கழன்ற படகு கவிழ நிமிடங்கள்கூடத் தேவையில்லை.

சீக்கி ரஃபிகி முதல் படகு அல்ல. 1985 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிரபல ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில், 'டுரான் டுரான்' இசைக்குழுப் பாடகர் சைமன் லெ பானின் 'டிரம்' என்ற படகின் கீல் முறிந்தது. கவிழ்ந்த படகுக்குள் சிக்கிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். ஹெலிகாப்டரில் வந்து மீட்டார்கள். 1997 ஜனவரியில் டோனி புல்லிமோரின் கதையை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. தனி ஆளாக உலகைச் சுற்றும் பந்தயத்தில், அன்டார்டிகாவுக்கு அருகிலுள்ள தென்கடலில் அவர் படகின் கீல் உடைந்தது. தலைகீழான படகுக்குள், குளிரில், இருட்டில் நான்கு நாட்கள். ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து படகின் ஓட்டைத் தட்டியதும் உள்ளிருந்து நீந்தி வெளியே வந்தார் 57 வயது புல்லிமோர். 2015 ஜூலையில் ஸ்பெயின் கடலில் ஒரு வயதே ஆன சொகுசுப் படகு ஒன்று, கீலோடு அடிப்பாகத்தின் ஒரு பகுதியும் பிய்ந்து மூழ்கியது. அதிலிருந்தவர்கள் தப்பினார்கள். புதுப் படகு, பழைய படகு, பந்தயப் படகு, பணக்காரப் படகு என்றெல்லாம் கீல் பேதம் பார்ப்பதில்லை.

பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை 2015 ஏப்ரலில் சீக்கி ரஃபிகி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. கையில் படகும் இல்லை, பிழைத்தவரும் இல்லை. ஆகவே ஊகத்துக்கு இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டே ஆரம்பித்தது. ஆனால் கீல் கழன்றுதான் படகு கவிழ்ந்தது என்பதில் அதற்குச் சந்தேகம் இல்லை. காரணம்? படகு அதற்கு முன் பலமுறை லேசாகத் தரைதட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பழுதுபார்ப்பு. அதில் ஏற்பட்ட பலவீனம் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டே வந்திருக்கலாம் என்றது அறிக்கை.

'லேசாகத் தரைதட்டுவது' என்ற சொற்களில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கார் ஓட்டுகிறவர்கள் பம்பரில் கீறல் விழுந்ததைச் சொல்லும் தொனியிலேயே படகுக்காரர்களும் இதைச் சொல்வார்கள். நடப்பது என்ன? கீலின் கீழ்முனை பாறையில் மோதி நிற்கிறது. பல டன் எடையுள்ள படகு முன்னோக்கிப் போக முயல்கிறது. கீல் நெம்புகோலாகிவிடுகிறது. அதன் மேல்விளிம்பின் பின்பகுதி படகின் வயிற்றுக்குள் குத்தி ஏறுகிறது. முன்பகுதி கீழ்நோக்கி இழுபடுகிறது. படகின் உட்புறத்தில், விலா எலும்புபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு ஃபைபர்கிளாஸ் சட்டம் ஒட்டப்பட்டிருக்கும். அதிர்ச்சியைத் தாங்கவேண்டியது அதுதான். பல தயாரிப்பாளர்கள் அதைத் தனி அச்சில் செய்து, பிறகு பசை வைத்து உடலோடு ஒட்டுகிறார்கள். ஒட்டியது விட்டுப்போனால் மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. போல்ட் வழியாக வரும் பாரம் பிறகு படகின் மெல்லிய தோல்மீது இறங்கும். சீக்கி ரஃபிகி போன்ற அதே மாடல் படகுகள் சிலவற்றிலும் சட்டம் இப்படி விட்டுப்போனது விசாரணையில் தெரியவந்தது.

ஒரு சின்னக் கணக்கு. மூன்று டன் கீல். அதன் எடைமையம் இணைப்புக்கு ஒரு மீட்டர் கீழே. இரண்டு வரிசை போல்ட்டுகளுக்கு இடையே கால் மீட்டர் தூரம். அலையில் படகு பக்கவாட்டில் முழுதாகப் படுத்துவிட்டால், ஒரு வரிசை போல்ட்டுகள்மீது விழும் இழுவிசை சுமார் 12 டன். மூன்று டன்னைத் தொங்கவிட்டிருக்கிறோம் என்று நினைத்தவர் நான்கு மடங்கைத் தொங்கவிட்டிருக்கிறார். அலை மோதும் அதிர்ச்சி இதில் சேரவில்லை.

போல்ட்டுகளுக்கும் வியாதி உண்டு. பெரும்பாலும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். சமையலறையில் துருப்பிடிக்காத அதே உலோகம் கீலுக்குள் துருப்பிடிக்கும் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலைக் காப்பாற்றுவது அதன் மேற்பரப்பில் தானாகப் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்ஸிஜன் வேண்டும். கீலுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்து தேங்கிவிட்டால் அங்கே ஆக்ஸிஜன் கிடையாது. படலம் போகும்; உலோகம் அரிபடும். மேலே நட்டு பளபளவென்று இருக்கும். கீழே கீலுக்குள் இருக்கும் பாகமும் நன்றாகவே இருக்கும். நடுவில், இணைப்பு இருக்கும் அந்த ஒரு அங்குலத்தில் மட்டும் போல்ட் கரும்பைக் கடித்ததுபோல் மெலிந்திருக்கும்.

ஆகவே இணைப்பைத் தண்ணீர் புகாமல் மூடுவதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மூடிய பசை 20, 25 ஆண்டுகளில் கெட்டிப்பட்டு வெடிக்கிறது. முதல் அடையாளம் வெளியே தெரியும்: கீலும் உடலும் சேரும் இடத்தில், முன்பக்கம் ஒரு கோடு. அதிலிருந்து பழுப்பு நீர் வழியும். அமெரிக்காவில் 'கேட்டலினா' என்ற படகு பிரபலம். அதன் பழைய மாடல்களில் இந்த வெடிப்பு அடிக்கடி வந்ததால் 'கேட்டலினா புன்னகை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பலர் செய்யும் வைத்தியம் புன்னகைமீது புட்டி பூசி பெயின்ட் அடிப்பது. அடுத்த ஆண்டு மறுபடி சிரிக்கும். விற்பனைக்கு வரும் படகில் அந்த இடம் மட்டும் புதுசாகப் பூசப்பட்டிருந்தால், வாங்குகிறவர் சந்தேகப்படவேண்டும்.

உண்மையான வைத்தியம் ஒன்றுதான். கீலைக் கழற்றவேண்டும்.

இதைச் சொன்னதும் படகுச் சொந்தக்காரர்களின் முகம் வாடும். காரணம் இருக்கிறது. முதலில் படகைப் பட்டைகளில் கட்டிக் கரைக்குத் தூக்கவேண்டும். கீலின் அடியில் மரக்கட்டைகள். இரண்டு பக்கமும் முட்டுக்கால்கள். பிறகு உள்ளே இறங்கி, படகின் அடிக்குழியைக் காலி செய்து, எண்ணெயும் அழுக்கும் போகத் துடைத்து, நட்டுகளைக் கண்டுபிடிக்கவேண்டும். சில படகுகளில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு நட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு நட்டு என்று கட்டியவர்கள் ஒளித்துவைத்திருப்பார்கள். கட்டும்போது இருந்த வசதி, கழற்றுகிறவருக்கும் வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. இறுகிப்போன நட்டுக்கு எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் காத்திருக்கவேண்டும். நீளக் குழாய் மாட்டிய ஸ்பேனர். அதற்கும் மசியாவிட்டால் கிரைண்டரால் அறுப்பு.

இங்கே ஒரு கட்டாய விதி. எந்த நட்டையும் முழுவதும் கழற்றக் கூடாது. சில மரைகள் பிடித்திருக்கும்படி விட்டுவைக்கவேண்டும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு கீல் விழவில்லையே என்று கீழே குனிந்து பார்க்கும் ஆளின்மீது அது விழும். பசை எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பசை விடுவதுதான் நாடகத்தின் உச்சகட்டம். படகுத் துறையில் '3எம் 5200' என்ற பாலியூரித்தேன் பசைக்குத் தனிப் புகழ். அது முழுதாக இறுக ஒரு வாரம் பிடிக்கும். இறுகியபின் விடவே விடாது. சில சமயம் பசை விடாமல் ஃபைபர்கிளாஸே பிய்ந்துகொண்டு வரும். இணைப்பைச் சுற்றிலும் நீளக் கத்தி, ரம்பப் பட்டை, கம்பி விட்டு அறுப்பார்கள். மெல்லிய ஆப்புகளைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து இறக்குவார்கள். பட்டைகளில் படகை ஒரு அங்குலம் தூக்கி, கீலின் எடையே அதை இழுக்கட்டும் என்று இரவு முழுக்க விட்டுவிடுவதும் உண்டு. காலையில் வந்து பார்த்தால் விட்டிருக்கும். அல்லது, இன்னும் இரண்டு நாள் ஆப்பு அடிக்கவேண்டியிருக்கும்.

பிரிந்தபின் கீலை இறக்குவதில்லை. கீல் சட்டத்தில் நிற்க, படகைத்தான் மேலே தூக்குகிறார்கள். அப்போதுதான் உண்மை தெரியும். போல்ட் நன்றாக இருந்தால் வீண் செலவு என்று சிலர் புலம்புவார்கள். மெலிந்திருந்தால் அதை எடுத்துவந்து மேஜைமேல் வைத்து, பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டுவார்கள்.

இரும்புக் கீல் என்றால் போல்ட்டை மரையிலிருந்து கழற்றிப் புதிது போடலாம். ஈயக் கீலில் அது நடக்காது. வார்க்கும்போதே கீழ்முனை வளைந்த கொக்கிபோல் ஈயத்துக்குள் புதைத்திருப்பார்கள். பக்கத்திலேயே புதுத் துளை போட்டுத் துணை போல்ட் இறக்கவேண்டும். அல்லது கீலின் பக்கத்தில் ஜன்னல்போல் வெட்டி, உள்ளே நட்டு வைத்து முடுக்கி, மறுபடி மூடவேண்டும். ஈயத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பாறையில் மோதினால் தான் நசுங்கி அதிர்ச்சியைக் குறைக்கும். இரும்பு நசுங்காது. வாங்கிய அடியை அப்படியே படகுக்கு அனுப்பிவிடும். விலை குறைவு என்பதால் இரும்புக் கீல் பல படகுகளில் இடம்பிடித்திருக்கிறது.

உடல் பக்கத்தில் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போகவேண்டும். மண்பானை வாங்குகிற அதே பரீட்சை. கணீரென்று கேட்டால் நலம். தொப்பென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. அந்த இடத்தை வெட்டி எடுத்து, உலரவிட்டு, எபாக்சியும் கண்ணாடி இழைத் துணியும் வைத்துக் கட்டவேண்டும். 'கேட்டலினா'வின் பழைய மாடல்கள் சிலவற்றில் இங்கே ஒட்டுப்பலகை வைத்திருந்தார்கள். தண்ணீரில் ஊறிய ஒட்டுப்பலகை சோற்றுப் பதத்துக்கு வந்திருக்கும். எத்தனை முடுக்கினாலும் நட்டு அமுங்கிக்கொண்டே போனதன் காரணம் அப்போது புரியும். இரும்புக் கீலைப் பளபளக்கும்வரை சுரண்டி அன்றைக்கே எபாக்சி பூசிவிடவேண்டும். இரவு கடலோரக் காற்றில் விட்டால் காலையில் செம்மண் நிறம்.

திரும்பப் பொருத்துவதில் படகுக்காரர்களிடையே மதச் சண்டை போன்ற ஒன்று நடக்கிறது. பிடித்துவிட்டால் விடாத பசையா, அடுத்தவர் கழற்ற வசதியான மென்மையான பசையா, எபாக்சியா? தெளிவாக இருக்கவேண்டிய விஷயம் ஒன்றுதான். கீலைத் தாங்குவது போல்ட்டின் வேலை. தண்ணீரைத் தடுப்பது பசையின் வேலை. முதல் வேலையையும் பசையிடம் ஒப்படைக்க நினைப்பவர், இருபது ஆண்டு கழித்து போல்ட்டைப் பார்க்க விரும்புகிறவரின் வாயிலேயே மண்ணைப் போடுகிறார்.

முதலில் பசையில்லாமல் ஒருமுறை இறக்கி ஒத்திகை. பிறகு தாராளமாகப் பசை; ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் தனியாக ஒரு வளையம். கிரேன்காரர் அங்குலம் அங்குலமாகப் படகை இறக்க, உள்ளே ஒருவர், வெளியே இரண்டு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். எல்லாத் துளைகளும் எல்லாப் போல்ட்டுகளும் ஒரே நேரத்தில் சந்திக்கவேண்டும். சுற்றிலும் பசை பிதுங்கும்வரை நட்டுகளை முடுக்கி, அது இறுகியபின் டார்க் ரெஞ்ச் வைத்துத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுதி முடுக்கல். கையளவுதான் கணக்கு என்று சொல்லும் மெக்கானிக்குகள் இங்கேயும் உண்டு. நட்டுக்கு அடியிலுள்ள வாஷர் சின்னதாக இருந்தால் தடித்த பெரிய தகடாக மாற்ற இதுவே தருணம். செலவு அற்பம். ஆனாலும் பழையதையே துடைத்துப் போட்டுவிடுகிறவர்கள் அநேகம்.

இவ்வளவையும் யார் கட்டாயப்படுத்துவது? நீண்ட காலம் யாருமில்லை. பாய்மரப் படகின் கீல், சுக்கான் போன்றவற்றுக்கென்று சர்வதேசத் தர நிர்ணயம் வந்ததே 2012இல்தான். அது புதிதாகக் கட்டும் படகுக்கு. ஏற்கெனவே ஓடும் ஆயிரக்கணக்கான படகுகளைப் பற்றி அது பேசுவதில்லை. சீக்கி ரஃபிகி அறிக்கை, இப்படி ஒட்டப்பட்ட சட்டம் கொண்ட படகுகளைச் சோதிக்கவும் பழுதுபார்க்கவும் வழிமுறை வகுக்கச் சொன்னது. உலகப் பாய்மரப் படகுச் சம்மேளனம் தன் ஆழ்கடல் பந்தய விதிகளில் கீல் சோதனையைச் சேர்த்தது. பந்தயத்துக்கு முந்தைய 24 மாதங்களுக்குள், இடையில் தரைதட்டியிருந்தால் அதற்குப் பிறகு, தகுதியுள்ளவர் பார்த்திருக்கவேண்டும். பந்தயத்துக்குப் போகாமல், வாடகைக்கும் விடுமுறைக்கும் ஓடும் படகுகளுக்கு இந்த விதி பொருந்தாது. பெரும்பான்மைப் படகுகள் அந்த ரகம் என்பதுதான் சங்கடம். வாடகைக்கு எடுத்தவர் மணல்திட்டில் தட்டியதை வாய்திறந்து சொல்வாரா? முன்பணம் போய்விடுமே.

இந்தியாவுக்கு இதில் அக்கறை இல்லாமல் இல்லை. கோவாவில் கட்டப்பட்ட ஐ.என்.எஸ்.வி. தாரிணியில் கடற்படை அதிகாரிகள் தில்னாவும் ரூபாவும் 2024 அக்டோபர் 2 அன்று புறப்பட்டு உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிப் பெண். தென்கடலின் அலைகளில், தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி, எட்டு மாதங்கள் அவர்களை நிமிர்த்தி வைத்ததும் இதுபோல் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் ஒரு கீல்தான். 2022இல் தொடங்கிய கோல்டன் குளோப் பந்தயத்தில் அபிலாஷ் டோமி இரண்டாம் இடம் பெற்றார். பழைய பாணிப் படகுகளுக்கான அந்தப் பந்தயத்தின் விதி, படகின் நீளத்துக்கு ஓடும் கீல்தான் இருக்கவேண்டும் என்கிறது. மெலிந்த துடுப்புக் கீலுக்கு அனுமதி கிடையாது. வேகம் குறைவு. ஆனால் அலையடிக்கும் கடலில் தூங்கப் போகிறவருக்கு வேகம் மட்டும் போதாது. ஒலிம்பிக்கில் ஓட்டிய சென்னை நேத்ரா குமணனுக்கும் வேலூர் விஷ்ணு சரவணனுக்கும் இந்தத் தொல்லையே இல்லை. அவர்களுடைய சின்னப் படகில் கீலுக்குப் பதில் ஒரு பலகை. கரைக்கு வந்ததும் உருவி எடுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிடலாம்.

பெரிய படகுக்காரருக்கு அந்த வசதி இல்லை. மறுபடி நீரில் இறக்கிய சில வாரங்களில் நட்டுகளை இன்னொரு முறை முடுக்கிப் பார்க்கவேண்டும். அதற்கு முன்பே அடிக்குழியைக் காய்ந்த துணியால் துடைத்து, ஒரு வாரம் மூடிவைத்துத் திறப்பார்கள். ஈரம் இருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். சப்பென்று இருந்தால் மழைத் தண்ணீர் அல்லது தொட்டியின் ஒழுகல். உப்புக் கரித்தால் மறுபடி கிரேன்காரருக்கு டெலிபோன் போட வேண்டியதுதான்.